ஐடிஐ ஃபிட்டர்: அரம் பிடிப்பதிலும் அளவு எடுப்பதிலும் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

ஃபிட்டர் டிரேடில் சேர்ந்த பையன்கள் முதல் மூன்று மாதத்தில் வீட்டில் சொல்லும் புகார் ஒன்றுதான்: "தினமும் இரும்பைத் தேய்க்கச் சொல்றாங்க, மெஷின் பக்கமே விட மாட்டேங்கிறாங்க." பெற்றோருக்கும் சந்தேகம் வந்துவிடுகிறது. சிஎன்சி, ரோபோ என்று பேசுகிற காலத்தில் இன்னும் அரமா?

கேள்வி நியாயமானதுதான். எந்தத் தொழிற்சாலையிலும் ஒரு ஃபிட்டரை உட்கார வைத்து முழு பிளாக்கை அரத்தால் ராவச் சொல்வதில்லை. ஆனால் 0.1 மி.மீ. என்றால் எவ்வளவு, அது எப்படிக் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதைக் கைக்கும் கண்ணுக்கும் பழக்க அரத்தைவிட மலிவான கருவி கிடையாது. மெஷினில் ஒரு தவறு செய்தால் ஜாப் (செய்துகொண்டிருக்கிற உலோகத் துண்டு) வீணாகும், சில சமயம் விரலும் போகும். அரத்தில் தவறு மெதுவாக நடக்கிறது. அதனால் நடக்கும்போதே அதைப் பிடித்துவிடலாம்.

இரண்டு வருடப் படிப்பில் தேறுகிறவர்களையும் தேங்கிப் போகிறவர்களையும் பிரிப்பது பெரும்பாலும் கைத்திறமை இல்லை. ஜாப்பைப் பயிற்றுநரிடம் காட்டும் முன் தானே அளந்து பார்க்கிற பழக்கம் இருக்கிறதா என்பதுதான். "சார், சரியா இருக்கா பாருங்க" என்று நீட்டுகிற மாணவரும், "சார், இந்த மூலையில 0.1 குறைஞ்சிருக்கு, ஏன்னு தெரியல" என்று வருகிற மாணவரும் ஒரே நாளில் சேர்ந்திருக்கலாம். வருடக் கடைசியில் இருவரும் ஒரே இடத்தில் இருக்க மாட்டார்கள்.

வைஸ் உயரத்திலிருந்து ஆரம்பிப்போம்

பல ஒர்க்‌ஷாப்களில் ஜாப்பைக் கவ்விப் பிடிக்கும் பெஞ்ச் வைஸ் எல்லாம் ஒரே உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கும். மாணவர்கள் ஒரே உயரம் இல்லை. வைஸ் தாடையின் மேல் விளிம்பு, நேராக நிற்பவரின் முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும். குள்ளமானவர் உயரமான வைஸில் ராவினால் தோளைத் தூக்கிக்கொண்டுதான் தள்ள முடியும், அரம் தானாகவே முன்பக்கம் சாயும். உயரமானவர் குனிந்து நின்றால் மதியத்துக்குள் இடுப்பு போய்விடும். குள்ளமானவர் நிற்க ஒரு உறுதியான மரப்பலகை போதும். இதைக் கவனிக்காமல் "உனக்கு ராவல் வராது" என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் நிறைய. மாணவிகள் விஷயத்தில் இது இன்னும் அதிகம்.

அடுத்தது அழுத்தம். 12 இஞ்ச் பாஸ்டர்ட் (சற்றே கரடுமுரடான பல் உள்ள) அரத்தை முன்னால் தள்ள ஆரம்பிக்கும்போது இடது கையில் அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். பாதித் தூரத்தில் இரு கையும் சமம். கடைசியில் வலது கை கூடுதல். பின்னால் இழுக்கும்போது அழுத்தமே கூடாது, ஏனென்றால் அரத்தின் பல் முன்னோக்கித்தான் வெட்டும். ஆரம்பம் முதல் கடைசி வரை இரு கையிலும் ஒரே மாதிரி அழுத்தினால் அரம் ஜாப்பின் மேல் ஏற்றம் இறைப்பது போல ஆடும். விளைவாக இரு ஓரமும் தேய்ந்து நடு மேடாகும்.

மேடு விழுந்ததைக் கண்டுபிடிக்க டிரை ஸ்கொயரின் (90 டிகிரி சரிபார்க்கும் கருவி) பிளேடை அந்தப் பரப்பில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். இரு ஓரத்திலும் வெளிச்சம் கசிந்து நடுவில் இருட்டாக இருந்தால் மேடு. பிறகு நடுவை மட்டும் குறிவைத்து, சின்ன வீச்சில் ராவ வேண்டும். பலரும் செய்வது என்னவென்றால், முன்பு தேய்த்தது போலவே இன்னும் கொஞ்சம் வேகமாகத் தேய்ப்பார்கள். மேடு அப்படியே இருக்கும், அளவு மட்டும் குறைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் பரப்பு தட்டையாவதற்குள் ஜாப் அளவுக்குக் கீழே போய்விடும்.

கையின் தவறு செய்கிறவருக்குத் தெரியாது. பக்கத்து வைஸில் இருப்பவரிடம் செல்போனைக் கொடுத்து, பயிற்றுநரின் அனுமதியோடு, வைஸ் மட்டத்தில் பக்கவாட்டிலிருந்து 20 வினாடி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முழங்கை ஏறி இறங்குவது அதில் பட்டவர்த்தனமாகத் தெரியும். பத்து முறை வாயால் சொல்வதைவிட இது வேகமாக வேலை செய்கிறது.

பரப்பில் திடீரென்று ஆழமான கீறல்கள் விழுந்தால் அரத்தின் பல்லுக்குள் துகள் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். கம்பி பிரஷ்ஷால் பல் வரிசையை ஒட்டிச் சுத்தம் செய்து, சாக்பீஸ் தடவிக்கொண்டால் மறுபடி சீக்கிரம் சிக்காது. இரும்பு அறுக்கும் ரம்பமான ஹேக்சாவைப் பற்றி ஒரு வார்த்தை: மெல்லிய பைப்பை அகலமான பல் உள்ள பிளேடால் அறுத்தால் பல் உதிரும். எப்போதும் இரண்டு மூன்று பற்களாவது உலோகத்தின் மேல் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 50 வீச்சு போதும்.

எந்தப் பக்கத்தை முதலில் ராவுவது?

சதுர பிளாக் செய்யச் சொன்னால் நான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் அளவுக்குக் கொண்டுவரப் பார்ப்பது புதியவர்களின் இயல்பு. கடைசியில் அளவு வந்திருக்கும், மூலை 90 டிகிரி வந்திருக்காது. முதலில் ஒரு பக்கத்தைத் தட்டையாக்கி முடிக்க வேண்டும். அதற்குச் செங்குத்தாக அடுத்த பக்கம். இந்த இரண்டும்தான் டேட்டம், அதாவது மற்ற எல்லா அளவுக்கும் ஆதாரமான பக்கங்கள். இவற்றைச் சர்ஃபேஸ் பிளேட்டில் (மட்டமான பலகையில்) நிறுத்தி, கோடு தெளிவாகத் தெரிய மயில்துத்தக் கரைசல் பூசி, உயரம் அளந்து கோடு போடும் வெர்னியர் ஹைட் கேஜால் மற்ற இரு பக்கங்களுக்கும் கோடு போட வேண்டும். ஜாப்பின் அடியில் பிசிறு இருந்தால் அது பிளேட்டிலிருந்து ஜாப்பைத் தூக்கிவிடும். போடுகிற எல்லாக் கோடும் அந்த அளவுக்குத் தப்பாகும். பிசிறு நீக்குவதை அலங்கார வேலை என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் ஆண்-பெண் (male-female) ஃபிட்டிங் ஜாப்பிலும் இதே கதை. உள்ளே நுழைவது ஆண் துண்டு, அதை ஏற்பது பெண் துண்டு. இரண்டையும் மாற்றி மாற்றித் தேய்த்தால் எது சரி, எது தப்பு என்று கடவுளுக்கே தெரியாது. ஆண் துண்டை மைக்ரோமீட்டர் வைத்து அளவுக்கு முடித்துவிட்டு, அதன்பிறகு அதைத் தொடவே கூடாது. அதில் புருஸியன் புளூ என்ற நீல மையைத் தடவி பெண் துண்டுக்குள் மெதுவாகச் செலுத்தினால், நீலம் ஒட்டிய இடங்கள்தான் ராவ வேண்டிய இடங்கள். உள்மூலைகளில் மார்க்கிங் முடிந்ததுமே 3 மி.மீ. டிரில்லால் சின்னத் துளை போட்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் அரம் மூலை வரை போகாது, ஆண் துண்டின் மூலை அங்கே இடிக்கும், பக்கங்கள் சரியாக இருந்தும் ஜாப் உள்ளே இறங்காது.

அளவு எடுப்பதில் வரும் அரை மில்லிமீட்டர்

மைக்ரோமீட்டரில் மாணவர்கள் செய்யும் தவறுக்கு ஒரு கையெழுத்து உண்டு: விடை சரியாக 0.50 மி.மீ. வித்தியாசத்தில் இருக்கும். ஸ்லீவில் (நிலையான குழலில்) 7 மி.மீ. கோட்டுக்கு அப்பால் கீழ்ப்புற அரைக்கோடும் தெரிகிறது, திம்பிளில் (சுழலும் உறையில்) 12-ஆவது கோடு நேராக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரியான அளவு 7.62 மி.மீ. அரைக்கோட்டைக் கவனிக்காதவர் 7.12 என்று எழுதுவார். பரீட்சையில் இதற்கு ஒரு மதிப்பெண் போகும். வேலையில் ஒரு ஷிஃப்ட்டின் உற்பத்தியே போகும்.

வெர்னியரில் மெயின் ஸ்கேல் 48, நேராக நிற்கும் வெர்னியர் கோடு 13 என்றால், 13 × 0.02 = 0.26, ஆக 48.26 மி.மீ. கணக்கு எளிது. தப்பு வேறு இடத்தில் நடக்கிறது: தாடையை மூடி ஜீரோ பார்க்காமல் ஆரம்பிப்பது, தாடையின் நுனியால் பிடிப்பது, சாய்ந்து நின்று படிப்பது, ஒரே ஒரு இடத்தில் அளந்துவிட்டு முடிந்தது என்பது. ஒரு பக்கத்துக்கு மூன்று இடத்தில் அளவு எடுக்க வேண்டும்.

இதற்கு ரெக்கார்டு நோட்டைத் தவிர தனியாக ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்வது நல்லது. ரெக்கார்டு நோட்டில் எல்லாரும் எல்லாரையும் பார்த்து எழுதுவதால் அது கையெழுத்துப் பயிற்சியாகிவிடுகிறது. சின்ன நோட்டில் ஐந்து பத்திகள்: படத்தில் உள்ள அளவு, நான் எடுத்தது, பயிற்றுநர் எடுத்தது, வித்தியாசம், காரணம். உதாரணமாகப் படத்தில் 40 ±0.04. நான் எடுத்தது 40.02, 39.98, 39.86. முதல் இரண்டும் எல்லைக்குள், மூன்றாவது 39.96-க்குக் கீழே போய்விட்டது. பக்கம் ஒரு ஓரமாகச் சரிகிறது. காரணம் பத்தியில் "வலது ஓரத்தில் அதிகம் நின்று ராவியது" என்று எழுதினால், அடுத்த ஜாப்பில் கை தானாகவே அங்கே எச்சரிக்கையாகும். பயிற்றுநரின் அளவுக்கும் மாணவரின் அளவுக்கும் எப்போதும் வித்தியாசம் வந்தால் பிரச்சினை ராவலில் இல்லை, அளவு எடுப்பதில்.

பயிற்றுநர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. முடிந்த ஜாப்பை வாங்கி மதிப்பெண் போடுவதால் மாணவர் எதையும் கற்பதில்லை. திருத்த வாய்ப்பு முடிந்த பிறகு தெரிகிற தவறு யாருக்கும் பயன்படாது. டேட்டம் முடிந்ததும் ஒருமுறை, மார்க்கிங் முடிந்ததும் ஒருமுறை, கடைசி 0.2 மி.மீ. மிச்சம் இருக்கும்போது ஒருமுறை பார்த்தால் போதும். "சரியில்லை" என்று சொல்வதைவிட "இங்கே 0.08 அதிகம்" என்று எண்ணாகச் சொல்ல வேண்டும்.

டிரில்லிங், டேப்பிங்

எம்10 மரைக்கு பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம்) 1.5 மி.மீ., ஆகவே டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போடும் முன் போட வேண்டிய துளை 8.5 மி.மீ. எட்டு போட்டால் டேப் முறியும், ஒன்பது போட்டால் மரை ஆழமில்லாமல் போல்ட் நழுவும். கைடேப்பை அரைச்சுற்று முன்னால், கால்சுற்று பின்னால் என்று திருப்ப வேண்டும். பின்னால் திருப்பும்போதுதான் துகள் உடைந்து விழுகிறது. இரண்டு மூன்று மரை விழுந்ததும் டிரை ஸ்கொயரை இரண்டு திசையில் வைத்து டேப் நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு சாய்வைத் திருத்த முயன்றால் முறிவது நிச்சயம்.

10 மி.மீ. டிரில்லில் போட்ட துளை 10.3 வந்தால் மெஷினைத் திட்டாமல் டிரில்லின் முனையைப் பாருங்கள். இரு வெட்டு விளிம்பும் சம நீளத்தில் இல்லாவிட்டால் துளை பெரிதாகும். டிரில் மறுபக்கம் வெளியே வரும் நேரத்தில் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் ஜாப்பைக் கவ்விச் சுழற்றிவிடும். கையில் பிடித்து டிரில் போடுவதும் கையுறை அணிவதும் அதனால்தான் கூடாது.

தியரியை ஏன் விடுகிறார்கள்?

கேள்வி வங்கியை மனப்பாடம் செய்தே தியரியைத் தாண்டிவிடலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணினிவழித் தேர்வில் எண்ணை மாற்றிக் கேட்டால் அங்கேயே நின்றுவிடுவார்கள். மைல்ட் ஸ்டீலில் 10 மி.மீ. டிரில்லை நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகத்தில் ஓட்ட எத்தனை ஆர்பிஎம் என்ற கணக்கை (1000 × 25 ÷ (3.14 × 10), அதாவது சுமார் 796) டிரில்லிங் மெஷின் பக்கத்தில் நின்று ஒருமுறை போட்டுப் பார்த்தவர், 5 மி.மீ. டிரில்லுக்கு அது இரட்டிப்பாகும் என்பதை மறக்க மாட்டார்.

வரைபடம் படிப்பது இதைவிட முக்கியம். இங்கே கற்றுத்தருவது பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ஆங்கிள் என்ற வரைமுறை. அதில் மேலிருந்து பார்க்கும் தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே இருக்கும். அமெரிக்க, ஜப்பானிய நிறுவனங்களின் படங்கள் தேர்ட் ஆங்கிளில் வரும், மேல்தோற்றம் மேலேயே இருக்கும். டைட்டில் பிளாக்கில் உள்ள வெட்டிய கூம்புச் சின்னத்தைப் பார்க்காமல் வேலையை ஆரம்பித்தால் துளை எதிர்ப்பக்கத்தில் விழும்.

படிப்பு முடிந்த பிறகு

அப்ரண்டிஸ் என்ற பெயரில் ஏமாறுவதுதான் இந்தக் கட்டத்தில் அதிகம். 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, 30 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். அப்படி எடுத்தால் மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவாகும், அதற்கு ஒரு எண் இருக்கும், முடிவில் தேர்வும் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழும் உண்டு. "டிரெய்னி" என்று மட்டும் சொல்லிச் சேர்த்துக்கொண்டு, ஒப்பந்த எண் கேட்டால் மழுப்புகிற இடத்தில் ஒரு வருடம் உழைத்தாலும் அந்தச் சான்றிதழ் வராது. சேரும் முதல் வாரத்திலேயே எண்ணைக் கேட்டு, போர்ட்டலில் உங்கள் பெயரில் அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெரம்பூர் ஐசிஎஃப், திருச்சி பெல், பொன்மலை ரயில்வே பணிமனை, என்எல்சி போன்ற இடங்கள் அவ்வப்போது பழகுநர் அறிவிப்பு வெளியிடுகின்றன. இங்கெல்லாம் மதிப்பெண்ணுக்குப் பெரிய இடம் உண்டு என்பதால், "ஐடிஐக்கு மார்க் எதுக்கு" என்ற அலட்சியம் உதவாது.

மேலே படிக்க நினைப்பவர்கள், பத்தாம் வகுப்பும் இரண்டு வருட ஐடிஐயும் முடித்திருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அங்கே கணிதம்தான் திணறடிக்கும், பிராக்டிகல் இல்லை. சேர்வதற்கு முந்தைய விடுமுறையில் திரிகோணமிதியையும் இயற்கணிதத்தையும் தூசி தட்டிக்கொள்வது புத்திசாலித்தனம்.

தேசிய தொழிற்சான்றிதழைப் பதிவிறக்கியதும் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி மூன்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இனிஷியல் முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது போன்ற சின்ன வித்தியாசமும் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் நிறுத்தி வைத்துவிடும். திருத்தம் கேட்டு எழுதிக்கொடுக்க வேண்டியது படித்த ஐடிஐயிலேயே. பேட்ச் முடிந்த சூட்டோடு போனால் வேலை சீக்கிரம் நடக்கும்.