சீலிங்கைப் பெயர்க்கும் துரு

பழைய வீட்டில் சீலிங் காரை பெயர்ந்து விழுந்தால் முதலில் சிமெண்டைத்தான் திட்டுவோம். பெரும்பாலும் தள்ளிவிடுவது உள்ளே இருக்கும் கம்பிதான். இரும்பு துருவாக மாறும்போது, முன்பு அடைத்திருந்ததைப் போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். காங்கிரீட்டோ அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. இழுவையில் அதன் வலு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். துரு உள்ளிருந்து நெட்டித் தள்ள, கம்பி போகும் வழியிலேயே விரிசல் ஓடும். அப்புறம் ஒருநாள் பத்தையாக விழும்.

சரி, காங்கிரீட்டுக்குள் மூடிக் கிடக்கும் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது?

சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பும் உண்டாகிறது. அதனால் புதுக் காங்கிரீட் கடும் காரம், பிஎச் 12.5-ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று படிகிறது. அது இருக்கும்வரை ஈரம் பட்டாலும் துரு ஏறாது. ஆனால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நுண்துளைகள் வழியே நுழைந்து சுண்ணாம்பைக் கல்லாக்கிக்கொண்டே போகிறது. வெள்ளையடித்த சுவர் இறுகுவதும் இப்படித்தான். சுவருக்கு நல்லது, கம்பிக்கு ஆகாது. கம்பியைச் சுற்றி பிஎச் 9 அளவுக்கு இறங்கிவிட்டால் படலம் நிற்காது.

இந்த ஊடுருவல் உள்ளே போகப் போக மெதுவாகும்: இரண்டு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு காலம். அதனால் கம்பிக்குக் கீழே 20 மி.மீ. காங்கிரீட் இருக்க வேண்டிய இடத்தில் 10 மி.மீ. இருந்தால், பாதுகாப்பு பாதியாகாது, கால்வாசியாகும். தளம் போடும் அன்று, கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதில் நாலு ஜல்லியைச் சொருகி, அதையும் ஆட்கள் மிதித்து நகர்த்தி, கம்பி சென்ட்ரிங் பலகையோடு ஒட்டிவிடுகிறதே, அதன் விலை இதுதான். கடலோர வீடுகளுக்கு இன்னொரு எதிரி உண்டு. உப்புக்காற்றிலும் உவர்த் தண்ணீரிலும் உள்ள குளோரைடு, காரம் குறையாமலேயே படலத்தைத் துளைத்துவிடும். கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் கூடாது என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456.

பழுது பார்ப்பதில் முதல் வேலை, மேலிருந்து கசியும் தண்ணீரை நிறுத்துவது. பிறகு சுத்தியலால் தட்டிப் பார்த்து, தொப்பென்று சத்தம் வரும் இடமெல்லாம் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும்படி கொத்தி, இரும்பு பளபளக்கும்வரை துருவைத் தேய்த்துவிட்டு, துருத் தடுப்புப் பூச்சும் பாலிமர் கலந்த சாந்தும் போட வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் கொத்தனாரோடு நிற்காமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கொத்துவதற்கு முன் முட்டுக்கொடுக்கவும் வேண்டியிருக்கும்.

விழுந்த இடத்தில் மட்டும் சிமெண்டை அப்பி பெயிண்ட் அடிப்பது வீண் செலவு. கொஞ்ச நாளில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே பெயரும். புதுச் சாந்துக்குள் இருக்கும் கம்பியும் பழைய காங்கிரீட்டில் இருக்கும் கம்பியும் பேட்டரியின் இரு முனைகள்போல் ஆகி, பழைய பக்கம் இன்னும் வேகமாக அரிக்கப்படும். உப்பேறிய காங்கிரீட்டில் இது அதிகம்.

எதுவரை காரம் போயிருக்கிறது என்று பார்க்க, பள்ளி ஆய்வகத்தில் பார்த்த பினாப்தலீன் போதும். புதிதாக உடைத்த முகத்தில் தெளித்தால் காரம் இருக்கும் பகுதி ரோஜா நிறமாகும். கம்பியைச் சுற்றி நிறமே வரவில்லை என்றால், இன்னும் துரு தெரியாவிட்டாலும் அந்தக் கம்பிக்குக் காவல் போய்விட்டது.