சைக்கிளுக்கு முன்னால் உள்ள முப்பதடி

"அண்ணை, ஹோர்ன் அடிக்கட்டோ?"

கார் பழக வருகிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிற கேள்வி இது. முன்னால் ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் பதினெட்டு வருடமாக எல் போர்ட் காரின் இடப்பக்க சீற்றில் இருப்பவன் நான். என் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் மிதித்ததைவிட, சைக்கிளுக்காக அதை மிதித்ததுதான் அதிகம்.

"திடீரெண்டு வெட்டிப்போட்டார்" என்பார்கள். அநேகமாக அது திடீரென்று நடப்பதில்லை. இங்கத்தைய பிரதான வீதியான காலி வீதியின் இடது ஓரத்தை ஒருநாள் குனிந்து பார்த்துக்கொண்டு நடந்து பாருங்கள். வடிகாலின் இரும்புக் கம்பி மூடி, தார் மட்டத்துக்குக் கீழே இறங்கிப்போன மேன்ஹோல், உடைந்த போத்தல், சாமான் இறக்க நிற்கும் வான், ஆள் ஏற்ற மூக்கை நுழைக்கும் பஸ். கார் டயருக்கு இவற்றில் பாதி பொருட்டே இல்லை. சைக்கிளின் ஒல்லி டயர் கம்பி இடுக்கில் இறங்கினால் ஆள் தலைகுப்புறத்தான். அவர் வலப்பக்கம் விலகத்தான் வேண்டும்.

அதனால் நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருக்காதே, அதற்கு முன்னால் உள்ள முப்பதடியைப் பார். அங்கே குழியோ நிற்கும் வானோ தெரிந்தால், இன்னும் இரண்டு விநாடியில் அவர் உன் பாதைக்கு வரப்போகிறார். இப்போதே அக்சிலரேட்டரிலிருந்து காலை எடு.

ஹோர்ன்? முதுகுக்குப் பின்னால் அடித்தால் மனிதர் திடுக்கிட்டு வலத்தோளுக்கு மேலால் திரும்பிப் பார்ப்பார். தலை திரும்பிய பக்கமே ஹாண்டிலும் போகும். நீங்களே அவரை உங்கள் காருக்கு முன்னால் இழுத்துவிட்ட மாதிரி.

எனக்குப் புரியாத ஒன்று. இங்கே கார் ஓட்டும் நம்மவர்களில் எத்தனையோ பேர் யாழ்ப்பாணத்தில் டியூஷனுக்குச் சைக்கிளில் போனவர்கள்தான். 2022 இல் பெற்றோல் இல்லாமல் கொழும்புக்காரரும் சைக்கிள் தேடி அலைந்தார்கள். ஸ்டியரிங் கைக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோகிறது.

அவசரக்காரருக்கு ஒரு கணக்கு. மணிக்கு 15 கிலோமீற்றரில் போகும் சைக்கிளுக்குப் பின்னால் 100 மீற்றர் பொறுமையாகப் போனால் 24 விநாடி. 30 இல் போயிருந்தால் 12. மிச்சம் பிடிப்பது 12 விநாடி. அதையும் பம்பலப்பிட்டிச் சிவப்பு விளக்கில் கொடுத்துவிடுவீர்கள்.

முந்துவதென்றால் இடைவெளி விட்டு முந்துங்கள். ஜேர்மனியில் 2020 முதல் நகருக்குள் ஒன்றரை மீற்றர், வெளியே இரண்டு மீற்றர் என்று சட்டமே இருக்கிறது. ஒரு ஆள் விழுந்தாலும் உங்கள் சில்லுக்குள் வராத தூரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் இல்லையென்றால் முந்தவேண்டாம். மழை நாளில் இன்னும் தள்ளி நில்லுங்கள். நனைந்த இரும்பு றிம்மில் பழைய சைக்கிள் பிரேக் வழுக்கிக்கொண்டே போகும்.

தெஹிவளைப் பக்கமிருந்து வந்து கடற்கரை ஒழுங்கைக்குள் இடது திருப்பும்போதும் இதே அவசரம்தான்: சைக்கிளை முந்தி, உடனே அதன் மூக்குக்கு முன்னால் வெட்டுவது. அவருக்குப் பின்னால் நின்று திரும்புங்கள், அவ்வளவுதான்.

கதவு விஷயத்தில் எனக்கு உபதேசம் செய்யும் தகுதி கொஞ்சம் குறைவு. பல வருடங்களுக்கு முன் சந்தைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, போனைப் பார்த்தபடி கதவைத் தள்ளினேன். டக்கென்று ஒரு சத்தம். முட்டை கட்டிக்கொண்டு வந்த ஒரு ஐயா வீதியில் இருந்தார். முழங்கையில் இரத்தம், தார் முழுக்க மஞ்சள். பின்னால் வந்த பஸ் நின்றது, அவருடைய அதிர்ஷ்டம். "பார்த்துத் திறக்கக்கூடாதா தம்பி" என்று மட்டும் சொன்னார். முட்டைக்குக் காசு கொடுத்தேன். வாங்கும்போது அவர் கை நடுங்கியது.

நமக்கு ஓட்டுநர் கதவு வலப்பக்கம், வீதிப் பக்கம். அதை வலக்கையால் திறந்தால் முகம் முன்னாலேயே இருக்கும். இடக்கையால் திறந்து பாருங்கள், உடம்பு தானாகத் திரும்பி, கண் கண்ணாடியைத் தாண்டிப் பின்வீதிக்குப் போகும். பிரித்தானிய வீதி விதிக்கோவையும் 2022 இல் இந்த எதிர்க்கைப் பழக்கத்தைச் சேர்த்துக்கொண்டது. என்னிடம் வருகிறவர்கள் முதல் நாள் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. நிற்கும் காரில் இருந்து, இடக்கையால் கதவைத் திறந்து, இறங்கி, திரும்ப ஏறுகிறார்கள். இருபது தரம்.