ஆகஸ்ட்டில் தானாக நடக்கும் வகுப்பு

மன்னார்குடிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: "செருப்பை வரிசையாக விடு, கை கழுவு, நோட்டை மேசையில் வை, வட்டமாக உட்கார் என்று ஜூன் முழுக்கச் சொல்லித் தொண்டை கட்டிவிடுகிறது. ஆகஸ்ட்டில் சொல்லாமலே நடக்கிறது. காலாண்டு விடுமுறை முடிந்து வந்தால் எல்லாம் போச்சு. மறுபடி முதலிலிருந்தா?"

வாயால் சொன்னதைத் தாங்கி வைப்பது செயல்நினைவு. பெரியவர்களுக்கே அதில் ஒரே நேரத்தில் நாலைந்து விஷயம்தான் நிற்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இன்னும் குறைவு. அதை நடத்தும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயது தாண்ட வேண்டும். நாலாவது கட்டளை காதில் விழும்போது முதலாவது நழுவியிருக்கும். அந்தப் பிள்ளையை அடங்காதவன் என்று சொல்வது அநியாயம்.

சரி, ஆகஸ்ட்டில் என்ன மாறியது? மூளையின் ஆழத்தில் பேசல் காங்கிலியா என்ற நரம்பணுத் திரள்கள் இருக்கின்றன. திரும்பத் திரும்பச் செய்வது மெல்ல மெல்ல அங்கே படிகிறது. அது எப்படி என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியலின் குழு 1999இல் காட்டியது. எலிகளின் மூளையில் அந்தப் பகுதியில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, ஆங்கில 'டி' வடிவப் பாதையில் ஓடவிட்டார்கள். பாதையில் ஓர் ஒலி கேட்கும். அதற்கேற்ற பக்கம் திரும்பினால் சாக்லேட். முதலில் ஓட்டத்தின் நடுவிலும், திரும்பும் இடத்திலும் நரம்பணுக்கள் மும்முரமாக இருந்தன. பழகப் பழக நடுப்பகுதி அடங்கிப்போனது. புறப்படும்போது ஒரு துடிப்பு, போய்ச் சேரும்போது ஒரு துடிப்பு, பெரும்பாலும் அவ்வளவுதான்! ஓட்டம் அதே ஓட்டம். ஆனால் மூளைக்கு அது பல படிகளாக இல்லாமல் ஒரே வேலையாகிவிட்டது. உதிரி நாற்றைக் கையில் அள்ள முடியாது, முடியாகக் கட்டினால் வயலுக்குள் வீசலாம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத ஆய்வு இது.

வகுப்புக்கு இதை எடுத்து வந்தால், ஆசிரியர் கவனம் வைக்க வேண்டியது இரண்டு முனைகளில். தொடக்கக் குறிப்பு தினமும் ஒன்றாகவே இருக்கட்டும்: அதே கைத்தட்டல், அதே பாட்டு வரி. படிகளின் வரிசை மாறவே கூடாது. வட்டமாக உட்கார்ந்த உடனே ஒரு நிமிடக் கதையோ விடுகதையோ வரட்டும். அதுதான் சாக்லேட். 2022இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து மாநிலமெங்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தைப் பசியோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறோம். தினமும் அதே நேரத்தில் சாப்பாட்டுத் தட்டும் வரிசையும் வருவதால், அன்றைய வகுப்புக்கு அதைவிட நல்ல தொடக்கக் குறிப்பு கிடைக்காது என்பேன்.

'21 நாளில் பழக்கம் வந்துவிடும்' என்பது வெறும் நம்பிக்கை. லண்டனில் 96 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக ஆக 18 முதல் 254 நாட்கள் வரை ஆகும் என்று தெரிந்தது. நடுத்தரமாக 66. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை. இது பெரியவர்களின் கணக்கு. நம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் அளந்து பார்க்கப் பணம் ஒதுக்குங்கள் என்று கேட்பதில் எனக்குக் கூச்சமே இல்லை.

அப்புறம் விதிகள். 2008இல் ஜெர்மனியில் மூன்று வயதுக் குழந்தைகளுக்கு ஒரு புது விளையாட்டைக் காட்டினார்கள். பிறகு ஒரு கைப்பொம்மை வந்து அதைத் தப்பாக ஆடியது. "அப்படி இல்லை!" என்கிற தோரணையில் குழந்தைகளே மறுத்துத் திருத்தினார்கள். அவர்களை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. 'இங்கே இப்படித்தான்' என்று புரிந்த விதியைக் காக்கும் குணம் அந்த வயதிலேயே இருக்கிறது. அதனால் 'ஒருவர் பேசினால் மற்றவர் கேட்க வேண்டும்' போன்ற இரண்டு மூன்று விதிகளைப் பிள்ளைகளையே சொல்லவிட்டுச் சுவரில் எழுதுங்கள். 'அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்ற பழமொழியை நான் மூடநம்பிக்கைக் கணக்கில்தான் வைப்பேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் பிரம்பைத் தடுத்துவிட்டது. பயந்த பிள்ளையின் செயல்நினைவில் இருக்கிற கொஞ்ச இடமும் பயத்துக்கே போய்விடும்.

விடுமுறைக் கேள்விக்கும் எலிகளே பதில் சொல்கின்றன. 2005இல் கிரேபியல் குழு சாக்லேட்டை நிறுத்திப் பார்த்தது. இரண்டு முனைத் துடிப்பு கலைந்தது. பிறகு சாக்லேட்டைத் திரும்பக் கொடுத்ததும் பழைய வடிவம் சட்டென்று வந்துவிட்டது. எலியில் கண்டதை அப்படியே பிள்ளைக்கு ஏற்ற முடியாதுதான். ஆனாலும் பழகியது அழிந்துவிடுவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. ஆகவே டீச்சர், அக்டோபரில் விதிகளை முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டாம். ஜூனில் தட்டிய அதே கைத்தட்டலைத் தட்டுங்கள், அதே வரிசையில் நடத்துங்கள், முடிவில் அந்த விடுகதையை மறக்காமல் போடுங்கள்.