கரண்டும் இல்லை, சூடும் இல்லை

'மகரகமவுக்குப் போய் வாறார்' என்றால் போதும், என்ன வருத்தம் என்று கொழும்பில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. அங்குள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் கொடுக்கும் கதிர்ச் சிகிச்சையைத்தான் 'கரண்ட் பிடிக்கிறார்கள்' என்பார்கள். சூடு வைத்துக் கட்டியைப் பொசுக்குவதாகவே பலருக்கும் நினைப்பு.

இயந்திரத்துக்குள் இலத்திரன்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் தங்குதன் தகட்டில் மோதுகின்றன. அதிலிருந்து பிறக்கும் எக்ஸ் கதிர் மட்டுமே உடலுக்குள் போகிறது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் சந்தியில் கட்டி பரவிவிட்டால், வெட்டி எடுத்தபின் இணைத்துத் தைக்கக் குழாய் மிஞ்சாது. சத்திரசிகிச்சை முடியாத அந்த இடத்தில்தான் இந்தக் கதிர்.

நுரையீரல் புற்றுநோய்க்கு வழக்கமான அளவு 60 கிரே. தினம் 2 கிரே, வாரத்தில் 5 நாள், 6 வாரம். ஒரு கிரே என்பது கிலோவுக்கு ஒரு ஜூல் சக்தி. 60 கிரேயையும் ஒரேயடியாகக் கொடுத்தாலும் தசையின் வெப்பம் 0.02 பாகைகூட ஏறாது. ஒரு மிடறு பிளேன்ரீ இதைவிடச் சூடு!

அப்படியானால் கலம் சாவது எப்படி? கதிர் கலத்திலுள்ள நீரை உடைக்கிறது. அந்தத் துணுக்குகள் டிஎன்ஏ இழைகளை வெட்டுகின்றன. ஓர் இழை அறுந்தால் கலம் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் அருகருகே அறுந்தால் பெரும்பாலும் தப்பாது. ஆனாலும் உடனே சாகாது, அடுத்தடுத்துப் பிரியப் போகும்போதுதான் சாகும். சிகிச்சை முடிந்த பிறகும் கட்டி சுருங்கிக்கொண்டிருப்பது அதனால்தான்.

வெட்டை நிரந்தரமாக்குவது ஒட்சிசன். அது இல்லாத கலத்தைக் கொல்ல ஏறக்குறைய மூன்று மடங்கு கதிர் வேண்டும். 1953இல் இதை விளக்கிய குழுவில் இருந்தவர் பிரித்தானியப் பௌதிகவியலாளர் லூயிஸ் ஹரோல்ட் கிரே. அலகுக்கும் அவர் பெயர்தான். வேடிக்கை என்னவென்றால், காற்றுப் போகும் குழாயிலேயே இருந்தும் கட்டியின் நடுப்பகுதி மூச்சுத் திணறுகிறது. அதற்கு ஒட்சிசன் வரவேண்டியது இரத்தத்தின் வழியே. வெளிக்கலங்கள் செத்து ஒதுங்க ஒதுங்க, உள்ளே ஒட்சிசன் போய்ச் சேரும், மறுநாள் கதிர் அங்கேயும் வெட்டும். இடைப்பட்ட இரவில் நல்ல கலங்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளும். 'ஒரே நாளில் தந்து முடித்தால் என்ன?' என்று கேட்கும் குடும்பங்களுக்கு இதுதான் பதில்.

வேறொரு வழியும் உண்டு. மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழலை விட்டு, கதிர் வீசும் இரிடியம்-192 உலோகத் துணுக்கைச் சில நிமிடம் கட்டியருகே நிறுத்துவார்கள். தூரம் இரட்டித்தால் கதிர் ஏறத்தாழ கால்வாசியாகும், சுற்றுப்புறம் பிழைக்கும்.

மூச்சுக்குழாய்க்குப் பின்னால் ஒட்டியபடி உணவுக்குழாய். ஆகவே வெளியிலிருந்து கதிர் பிடிப்பவர்களுக்கு மூன்றாம் வாரமளவில் விழுங்க நோகும். புட்டும் சம்பலும் இறங்காது. சொதியில் நன்றாக ஊறிய இடியப்பம் இறங்கும், அதுவும் ஆறவிட்டு.