‘ஒண்ணும் கொடுக்கல டாக்டர்’

ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் மூடிய இரண்டாவது மூன்றாவது நாளே, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் எங்கள் கால்நடை கிளினிக்கில் கூட்டம் மாறிவிடும். தடுப்பூசிக்கும் நகம் வெட்டவும் வருகிறவர்கள் குறைந்து, வாந்தி, பேதி, மூச்சிரைப்பு என்று துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். ஒரு நாய்க்கு ஐந்தாறு பேர் துணை. அண்ணன், அண்ணி, ஜொஹானஸ்பர்கிலிருந்து வந்த பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டு வந்த நண்பன் ஒருவன். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: என்ன சாப்பிட்டது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அப்புறம் யாராவது சொல்வார்கள், "ஒண்ணும் கொடுக்கல டாக்டர்."

சென்னையில் இருக்கும் என் அக்காவுக்கு இந்த ஊர்க் காலக்கணக்கு இன்னும் பிடிபடவில்லை. மார்கழியில் போன் செய்து "அங்க குளிர் எப்படி?" என்பாள். நான் டர்பனில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பேன். இங்கே குளிர்காலம் ஆனியும் ஆடியும்தான். அதுவும் டர்பன் குளிர் ஒன்றும் பெரிய குளிரில்லை. பகலில் 23 டிகிரி வெயில், இரவில் 11, 12. ஜொஹானஸ்பர்கில் சில இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அதனால் மூன்று வார விடுமுறைக்கு அங்கிருப்பவர்கள் எல்லாம் இங்கே இறங்குகிறார்கள். டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நான்கு பேர் இருந்த வீட்டில் பன்னிரண்டு பேர். நாய்க்கும் பூனைக்கும் அன்பு காட்ட இருபத்து நான்கு கைகள்.

ஒரு ஜூலை மாலை ஒரு பூனை வந்தது. பெயரை மாற்றி மின்னு என்று வைத்துக்கொள்வோம். நான்கு கிலோ எடை. மூச்சு வேகமாக ஓடியது, முகம் உப்பியிருந்தது, முன்னங்கால் பாதங்கள் வீங்கியிருந்தன. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு, சேறு கலந்த பழுப்பு நிறத்தில் இருந்தது. அந்த நிறத்தைப் பார்த்ததும் என் மனதில் ஒரு சந்தேகம் முன்னால் வந்து நின்றது. "மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா?" மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் இல்லை என்றார்கள். ஆக்சிஜன் வைக்கப் பூனையை உள்ளே கொண்டுபோனபோது, ஏழு வயதுப் பேரன் எங்கள் நர்சின் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னான்: ஆயா பாதி பனடோ கொடுத்தாங்க.

பனடோ இங்கே காய்ச்சலுக்கும் வலிக்கும் போடும் மாத்திரை. பாதி என்றால் 250 மில்லிகிராம் பாராசிட்டமால். நான்கு கிலோ பூனைக்கு அது கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல். கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே நஞ்சான பூனைகள் உண்டு. மனிதக் கல்லீரல் சர்வசாதாரணமாகப் பக்குவப்படுத்தி வெளியே தள்ளும் இந்த மருந்தை, பூனையின் கல்லீரலால் தள்ள முடியாது. அதற்கு வேண்டிய என்சைம் பூனையிடம் மிகக் குறைவு. தேங்கிப்போன மருந்து ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாறிவிடுகிறது. ஈறு பழுப்பானது அதனால்தான். பூனை மூச்சை இழுத்துக்கொண்டே இருக்கும், உடம்புக்குள் காற்று போய்ச் சேராது. முறிமருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டைன் என்று பெயர். சீக்கிரம் ஏற்றினால் பிழைக்க வைக்கலாம். அந்தப் பையன் வாய் திறக்காமல் இருந்திருந்தால் இதயக் கோளாறா, ஒவ்வாமையா என்று தேடிக்கொண்டே இரண்டு மணி நேரத்தைத் தொலைத்திருப்பேன்.

மின்னு நான்கு நாள் எங்களோடு இருந்து பிழைத்துப் போனது. ஆயாவிடம் தனியாகப் பேசினேன். இங்கே என்னிடம் தமிழில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆயாக்களும் தாத்தாக்களும்தான், மற்றவர்கள் ஆங்கிலத்துக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. "மூக்கு ஒழுகிக்கிட்டு இருந்திச்சும்மா. பேரனுக்கும் அப்படித்தான், அவனுக்கு ஒண்ணு கொடுத்தேன், இதுக்குப் பாதி" என்றார். பாவம், கணக்குப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் மருமகள் நிற்கும்போது இதை எந்த ஆயா ஒப்புக்கொள்வார்? அன்றிலிருந்து கூட்டமாக வந்தால் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறேன். போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். சரி, இருக்கட்டும்.

குளிர்காலத்தில் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். பனடோ மட்டுமா? வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் மெட்லெமனிலும் பாராசிட்டமால் உண்டு. கிராண்ட்பா என்ற தலைவலிப் பொடியில் பாராசிட்டமாலோடு ஆஸ்பிரினும் கஃபீனும் சேர்ந்திருக்கும். வலி மாத்திரையான இபுப்ரோஃபென் நாயின் வயிற்றில் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். பூனையின் நெஞ்சில் தைலம் தடவிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. பூனை உடம்பை நக்கியே சுத்தம் செய்யும் பிராணி, தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். தைலத்தில் இருக்கும் கற்பூரமும் சாலிசிலேட்டும் அதற்கு ஆகாது.

அடுத்தது பிரியாணி. ஜூலை தொடக்கத்தில் கிரேவில் மைதானத்தில் நடக்கும் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயத்துக்கு நாங்கள் யாரும் போவதில்லை, ஆனால் அந்தச் சனிக்கிழமை எல்லா வீட்டிலும் பெரிய பானை ஏறும். பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, மேலே பொரித்த வெங்காயம் தாராளமாகத் தூவிய நம்மூர் பிரியாணி. அப்படி ஒரு சனிக்குப் பிறகு வந்த புதன்கிழமை, ஏழு கிலோ ஜாக் ரஸ்ஸல் நாய் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஈறு வெளுத்திருந்தது, சிறுநீர் கறுத்த சிவப்பு. வீட்டுக்காரர் ஒரு கைப்பிடிதான் வைத்தாராம். சித்தப்பா ஒரு கைப்பிடி. பிள்ளைகள் மேஜைக்கு அடியில் எத்தனை கொடுத்தார்கள் என்று கணக்கே இல்லை. ஞாயிறு மிச்சக் குழம்பு வேறு.

வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அந்தக் குணம் போகாது, பொடியில் இன்னும் செறிவாக இருக்கும். நாய்க்குக் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போதும், அதாவது அந்த ஏழு கிலோ நாய்க்கு நடுத்தர அளவில் ஒன்றே ஒன்று. பூனைக்குக் கிலோவுக்கு 5 கிராமே அதிகம். தின்ற அன்றைக்கே எதுவும் தெரியாமல் மூன்று நான்கு நாள் கழித்துச் சோர்வு வருவதுதான் இதில் சிக்கல். சனிக்கிழமைப் பானையையும் புதன்கிழமை நாயையும் யார் சேர்த்துப் பார்ப்பார்கள்?

அதே வெளுத்த ஈறும் அதே கறுத்த சிறுநீரும் உண்ணிக் காய்ச்சலிலும் வரும். தென்னாப்பிரிக்காவில் எல்லாரும் அதை பிலியரி என்றுதான் சொல்வார்கள். உண்ணி கடிக்கும்போது பபீசியா என்ற ஒட்டுண்ணி ரத்தத்துக்குள் இறங்குகிறது. இங்குள்ள பபீசியா ரோசி வகை மற்றவற்றைவிடக் கொடியது, ஓரிரண்டு நாளில் நாயைக் கொன்றுவிடும். குளிரில் உண்ணி கிடையாது என்று நினைத்து மருந்து போடாமல் நாயை இங்கே கூட்டிவருகிறார்கள். கடற்கரை ஈரத்தில் வருடம் முழுக்க உண்ணி உண்டு. ரத்தத்துளியைக் கண்ணாடியில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும், ஆனால் எதை முதலில் தேடுவது என்று எனக்குத் தெரிய வேண்டுமே. "சனிக்கிழமை பிரியாணி போட்டோம்" என்ற ஒரு வரி போதும்.

எலும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆடி பிறந்ததும் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிறார்கள், வீட்டில் கோழிக் குழம்பு. வெந்த கோழி எலும்பு கூராகப் பிளக்கும், குடலைக் குத்தும். ஆட்டெலும்பு கட்டியாகி மலத்தை அடைக்கும். மீலிக் கட்டையும், அதாவது மக்காச்சோளக் கட்டையும், செரிக்காமல் குடலில் போய் உட்கார்ந்துகொள்ளும். சரி, இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பயம் வேறு இடத்தில். நாயின் தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் நின்றால், தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிட்டுவிடுகிறார்கள். வெறிநோயும் அப்படித்தான் தெரியும். எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வெறிநோய் இன்னும் ஒழியவில்லை. வெறிநாய் என்றால் குரைத்துக்கொண்டு துரத்தும் என்று எண்ண வேண்டாம். சில நாய்கள் ஒரு மூலையில் அமைதியாகப் படுத்துக்கொள்ளும், சில அளவுக்கு மீறிக் கொஞ்சும். வாய்க்குள் கைவிடாமல் எங்களைக் கூப்பிடுங்கள்.

விடுமுறையில் பிள்ளைகள் தெருவோரக் குட்டி ஒன்றைத் தூக்கிவருவதும் வழக்கம். கடித்தாலோ, கீறலில் எச்சில் பட்டாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் வேண்டாம், காபித்தூளும் வேண்டாம். நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி இந்நாட்டில் சட்டப்படி கட்டாயம்: மூன்று மாத வயதில் ஒன்று, ஒரு வருடத்துக்குள் இன்னொன்று, பிறகு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. அரசு முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜொஹானஸ்பர்கிலிருந்து என்3 சாலையில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். நாயைத் திறந்த பக்கியின், அதாவது பிக்அப் வண்டியின், பின்னால் ஏற்றி வராதீர்கள். 2024 செப்டம்பரில், குளிர்காலம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, அந்தச் சாலையிலுள்ள வான் ரீனன் கணவாயில் பனி கொட்டிச் சாலை அடைபட்டு, மக்கள் ராத்திரி முழுக்கக் கார்களிலேயே கிடந்தார்கள். பக்கத்து வீட்டு நண்பரிடம் நாயை விட்டுப் போவதானால் எங்கள் எண்ணோடு, வழக்கமான சாப்பாடு எது, மருந்து எது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்வரை சாப்பாட்டுப் பொறுப்பை ஒரே ஆளிடம் விடுங்கள் என்று வருகிறவர்களிடம் சொல்லிவருகிறேன். பத்து வயதுப் பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை. பெரியவர்களைவிடப் பிள்ளைகள் கறாராக இருக்கிறார்கள். யாராவது எதையாவது கொடுத்துவிட்டால் மாத்திரை அட்டையையோ பாக்கெட்டையோ கையோடு கொண்டுவாருங்கள். நான் யாரையும் திட்டுவதில்லை. திட்டினால் அடுத்த தடவை மறைப்பார்கள்.

போன ஜூலையில் மின்னுவின் ஆயா போன் செய்தார். "டாக்டரம்மா, பூனை தும்முது. நான் ஒண்ணும் கொடுக்கல."

"நிஜமாவா ஆயா?"

"பேரன் இங்கதான் நிக்கிறான், அவனையே கேளு" என்று போனை அவனிடம் கொடுத்தார்.