மூன்றாம் கிளாரினெட்டுக்கும் ஒரு நாற்காலி

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் செப்டம்பர் மாதக் கடைசியில் புதிய மாணவர்கள் வந்து இறங்கியதும், மாணவர் சங்கம் ஒரு பெரிய கூடத்தில் மேசைகளைப் போட்டு எல்லா மன்றங்களையும் உட்கார வைக்கும். மலையேற்றம், விவாதம், சதுரங்கம் என்று நீளும் அந்த வரிசையில் ஊதும் கருவிகளின் குழுவான விண்ட் பேண்டின் மேசையும் ஒன்று. அங்கே நின்று பெயர் எழுதிக் கொடுப்பவர்கள் ஏராளம். முதல் ஒத்திகைக்கும் கூட்டம் வந்துவிடும். ஆனால் நான் எண்ணிப் பார்ப்பது மூன்றாம் வாரத்து நாற்காலிகளைத்தான். இத்தகைய மாணவர் குழுக்களைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் எனக்கு, ஒரு குழு உண்மையிலேயே எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறதா என்பது அந்த வாரத்தில்தான் தெரிகிறது. (ஊரில் உறவினர்களிடம் கண்டக்டர் வேலை என்று சொன்னால் எந்த வழித்தடம் என்றுதான் கேட்கிறார்கள்.)

விண்ட் பேண்டில் வயலின் குடும்பத்துக்கு இடமில்லை. ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பசூன், சாக்ஸபோன் ஆகிய துளைக்கருவிகளும், ட்ரம்பெட், பிரெஞ்சு ஹார்ன், ட்ராம்போன், யூஃபோனியம், டியூபா ஆகிய பித்தளைக் கருவிகளும், தாளக் கருவிகளும் சேர்ந்ததே அது. வழக்கமான சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் ஃப்ளூட் வாசிப்பவருக்கு இரண்டு அல்லது மூன்று இடங்களே உண்டு. பத்துப் பேர் தேர்வுக்கு வந்தால் ஏழு பேர் திரும்பிப் போக வேண்டியதுதான். விண்ட் பேண்டிலோ ஒரே பார்ட்டை, அதாவது ஒரு கருவிக்கென எழுதப்பட்ட இசை வரியை, நான்கைந்து பேர் சேர்ந்து வாசிக்கலாம் என்பதால், யாரையும் திருப்பி அனுப்பாமல் இருப்பதற்கான வசதி அதன் அமைப்பிலேயே இருக்கிறது. இதற்கு எதிரான ஒரு மரபும் உண்டு. 1952-இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் ஃபிரடெரிக் ஃபென்னல் தொடங்கிய குழு, ஒரு பார்ட்டுக்கு ஒருவர் என்ற கொள்கையை முன்வைத்துப் புகழ்பெற்றது. இரண்டுமே நல்ல மரபுகள்தாம். 'அனைவரும் வரலாம்' என்று சுவரொட்டி ஒட்டிவிட்டு உள்ளே இரண்டாவது மரபை நடத்துவதில்தான் கோளாறு.

வருகிறவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிப் பருவத்தில் ஏபிஆர்எஸ்எம் போன்ற இசைத் தேர்வு வாரியங்களின் ஒன்று முதல் எட்டு வரையிலான நிலைத் தேர்வுகளில் ஐந்தையோ ஆறையோ எட்டியவர்கள், பள்ளியிறுதி ஏ-லெவல் படிப்பின் நெருக்கடியில் கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத் தயக்கத்தோடு பெட்டியைத் திறப்பவர்கள் இவர்களில் பலர். விடுதி அறையில் பயிற்சி செய்தால் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டுகிறார். நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படித்தான் கிளாரினெட்டுக்கு ரீட். பழைய ரீட் வெடித்துப் போயிருக்கும், புதிய பெட்டியின் விலை மாணவருக்குச் சிறியது அன்று. ஆகவே ஒத்திகை அறையில் வெவ்வேறு கனத்தில் சில ரீட் பெட்டிகளைக் குழுவின் செலவில் வாங்கி வைத்திருக்கிறோம். வளாகத்தின் பயிற்சி அறைகளை இசைத்துறை சாராத மாணவர்களும் பயன்படுத்த அனுமதி கேட்டுப் பெற்றிருக்கிறோம்.

நான் செய்த பெரிய தவறு கிளாரினெட் வரிசையில் நடந்தது. எனது முதல் ஆண்டில், யாரையும் வெளியேற்றப் போவதில்லை, உட்காரும் இடத்தை முடிவு செய்யத்தான் என்று சமாதானம் சொல்லி, ஒவ்வொருவரையும் தனியறையில் வாசிக்கச் சொன்னேன். கிளாரினெட்டுக்கு மூன்று பார்ட்டுகள் உண்டு: நன்றாக வாசித்தவர்கள் முதல் கிளாரினெட், அடுத்தவர்கள் இரண்டாவது, தடுமாறியவர்கள் அனைவரும் மூன்றாவது. மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமாகவே தோன்றும். கிளாரினெட்டில் தாழ்ந்த சுரங்களின் கீழ் மண்டலத்திலிருந்து உயர்ந்த சுரங்களின் மேல் மண்டலத்துக்குத் தாண்டும்போது, ஏறக்குறைய எல்லாத் துளைகளும் திறந்திருக்கும் நிலையிலிருந்து எல்லாவற்றையும் ஒரே கணத்தில் மூட வேண்டிய ஓர் இடம் உண்டு. அந்தத் தாண்டலைத் தவிர்க்கும் விதத்தில்தான் எளிய பாடல்களின் மூன்றாம் பார்ட் பெரும்பாலும் எழுதப்படுகிறது. ஆனால் தயங்குகிறவர்களை எல்லாம் ஒரே இடத்தில் உட்கார வைத்தால், எண்ணிக்கை தவறியவர் நிமிர்ந்து பார்த்துப் பின்தொடர அங்கே ஒருவரும் இருப்பதில்லை. ஒருவர் நிறுத்தினால் நால்வரும் நிறுத்துகிறார்கள். அந்த ஆண்டு நவம்பர் தொடங்குவதற்குள் என்னுடைய மூன்றாம் கிளாரினெட் வரிசை கரைந்துபோனது. பொறியியல் மாணவி ஒருவர் விடைபெறும்போது, 'தனியறையில் வாசித்த அன்றைக்கே எனக்கு விடை தெரிந்துவிட்டது, சார்' என்றார்.

இப்போது தேர்வே கிடையாது. மூன்று பார்ட்டிலும் நன்கு வாசிப்பவர் ஒருவராவது இருக்கும்படி கலந்து உட்கார வைத்து, பாடலுக்குப் பாடல் இடம் மாற்றுகிறோம். எட்டாம் நிலை முடித்தவர்களில் சிலர் முகம் சுளிப்பதுண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. கீழ் மண்டலத்தை நிறைந்த ஒலியோடு, சுருதி விலகாமல் வாசிப்பது எவ்வளவு கடினம் என்பதை ஒரு பருவம் கழித்து அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்; ஒப்புக்கொள்ளாதவர்கள் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் போய்விடுகிறார்கள், அதிலும் தவறில்லை.

பாடல் தேர்வும் இதே கணக்குத்தான். ஆங்கில இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1909-இல் இராணுவ பேண்டுக்காக எழுதிய ஈ ஃபிளாட் முதல் ஸ்வீட்டை (suite, பல பகுதிகள் கொண்ட இசைத் தொகுப்பு) நான் திரும்பத் திரும்ப எடுப்பதற்குக் காரணம் அதன் புகழ் மட்டுமன்று. அதில் பல பார்ட்டுகளை, ஆள் இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்று அவரே குறித்திருக்கிறார். சில கருவிகளுக்கு ஆள் இல்லாத ஆண்டிலும் இசை நொண்டுவதில்லை. முதல் பகுதியில் எட்டுத் தாளக்கட்டு நீளமுள்ள ஒரே மெட்டு, டியூபாவும் யூஃபோனியமும் தொடங்கிவைக்க, கருவியிலிருந்து கருவிக்குக் கைமாறிக்கொண்டே போகிறது. வழக்கமாகப் பின்வரிசையில் தாளத்தை மட்டும் தாங்கிக்கொண்டிருப்பவர்கள், முதல் நிமிடத்திலேயே மெட்டுக்குச் சொந்தக்காரர்களாகி விடுகிறார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முதல் நாளே தட்டுத்தடுமாறியாவது முடித்துவிடக்கூடிய ஒரு பாடலையும், பருவம் முழுவதும் உழைத்தால்தான் பிடிபடும் ஒரு பாடலையும் கட்டாயமாக வைக்கிறேன். பார்ட்டுகளை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறோம். பார்வைக் குறைபாடோ எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமமோ உள்ளவர்களுக்கு ஏ3 தாளிலோ வண்ணத் தாளிலோ அச்சிட்டுத் தருகிறோம். யாருக்குத் தேவை என்று கூட்டத்தில் கேட்பதில்லை. சேர்க்கைப் படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் இருக்கிறது.

தனியாக மட்டுமே கற்றவர்களைத் திகைக்க வைக்கும் சிறு விஷயம் ஒன்று உண்டு. ஒரே ஒலிக்குக் கருவிக்குக் கருவி சுரத்தின் பெயர் மாறும். கான்செர்ட் பி ஃபிளாட், அதாவது பியானோவில் கேட்கும் பி ஃபிளாட், என்று நான் சொன்னால், கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் சி வாசிக்க வேண்டும், ஆல்ட்டோ சாக்ஸபோன் ஜி, ஹார்ன் எஃப். பழகியவர்களுக்கு இது மூச்சு விடுவதுபோல. புதியவர் தம்மைத் தவிர எல்லோருக்கும் ஏதோ இரகசியம் தெரிந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார். அந்த அட்டவணையைப் பலகையில் எழுதிவிட்டால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது.

செவிகளைப் பற்றிப் பேசத் தயங்கும் இசைக்குழு நடத்துநர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரிட்டனின் 2005-ஆம் ஆண்டுப் பணியிட இரைச்சல் கட்டுப்பாட்டு விதிகள், சராசரி ஒலி அளவு 80 டெசிபெல்லைத் தொட்டாலே ஊழியர்களுக்குப் பாதுகாப்புச் செய்திகளையும், கேட்டால் காதடைப்பான்களையும் தரச் சொல்கின்றன. 85-ஐத் தொட்டால் கடமைகள் இறுகுகின்றன. இசைத்துறைக்கு அவை 2008 ஏப்ரல் முதல் பொருந்துகின்றன. மாணவர்கள் ஊழியர்கள் அல்லர் என்பது சட்டத்தின் கணக்கு, காதின் கணக்கு அன்று. ட்ரம்பெட், ட்ராம்போன் வரிசைகளை மேடைப் படிகளில் உயர்த்தி, முன்னால் இருப்பவர்களின் தலைக்கு மேலே ஒலி போகுமாறு செய்கிறோம், இடைவெளி விடுகிறோம், காதடைப்பான் பெட்டி கதவருகே இருக்கிறது. சில மாணவர்களுக்கு, குறிப்பாக ஆட்டிசம் உள்ளவர்களுக்கு, சிம்பலுக்கு அருகில் அமர்வதே தாங்க முடியாததாக இருக்கும். இடம் மாற்றிக் கேட்பதற்கு அவர்கள் எந்தக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

ஒத்திகை முடிந்ததும் பப்புக்குப் போவது இங்கே நெடுங்கால வழக்கம். நட்பு மலர்வது அங்கேதான் என்றால், மது அருந்தாதவர்களும், கையில் காசில்லாதவர்களும், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களும் அதற்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். அந்த வழக்கத்தை நாங்கள் நிறுத்தவில்லை. ஒத்திகையின் நடுவே பதினைந்து நிமிடத் தேநீர் இடைவேளையைச் சேர்த்தோம், அவ்வளவுதான். 2025, 2026 ஆகிய ஆண்டுகளில் ரமலான் நோன்பு வசந்தப் பருவ ஒத்திகைக் காலத்தில் வந்தது. காலை முதல் நீர் அருந்தாத உதடுகளோடு ஹார்ன் வாசிப்பது எளிதன்று. மார்ச் தொடக்கத்தில் இங்கே ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைவதால், அந்த வாரங்களில் இடைவேளையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு நகர்த்திவிடுவது போதுமானதாக இருக்கிறது.

உறுப்பினர் கட்டணத்தை மூன்றாம் வாரம் வரை கேட்பதில்லை. நிகழ்ச்சிக்கு உடை என்றால் கைவசம் இருக்கும் எந்தக் கறுப்பு உடையும் சரி. தமிழ்ப் பெற்றோர் சிலர் பிள்ளையின் படிப்பு கெடுமோ என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், தேர்வுக் காலத்தில் அதுவும் இல்லை.

மாணவர் குழுவின் பெரிய பலவீனம் மறதி. வசந்தகாலப் பொதுக்கூட்டத்தில் தலைவர், செயலர், பொருளாளர் என்று நிர்வாகம் முழுவதும் மாறிவிடுகிறது. மூன்று ஆண்டில் பழையவர்கள் பட்டம் வாங்கிப் போய்விடுகிறார்கள். பாடுபட்டு ஏற்படுத்திய பழக்கங்கள் எழுதி வைக்கப்படாவிட்டால் அவர்களோடு சேர்ந்து வெளியேறிவிடும். எனவே ஒவ்வொரு நிர்வாகமும் அடுத்ததற்கு ஒரு குறிப்பேட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. இரவல் கருவிகளின் மௌத்பீஸ்களை எந்தத் திரவத்தில் கழுவ வேண்டும், சக்கர நாற்காலியில் வருபவருக்குத் திறக்க வேண்டிய பக்கவாட்டுக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது, தேநீர்க் கெண்டியைச் செருகினால் எந்த விளக்கு அணைந்துவிடும் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. சென்ற ஆண்டின் செயலர் கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பது இது: 'பாரிட்டோன் சாக்ஸபோன் பெட்டியின் இடப்பக்கப் பூட்டு பிடிக்காது. தூக்கும்போது அடியில் கை கொடுக்கவும். புதிதாக வருபவரிடம் தனியாகக் கொடுத்து அனுப்ப வேண்டாம்; கூட ஒருவர் போகவும்.'