ஓரல்ஸ் தேர்வு: கண்ணால் படித்தால் போதாது

கப்பல் அதிகாரி சான்றிதழுக்கான எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள், ஓரல்ஸ் எனப்படும் வாய்மொழித் தேர்வில் தேறாமல் திரும்புவது கப்பல் துறையில் புதிய செய்தி அல்ல. எழுத்துத் தேர்வில் கேள்வி காகிதத்தில் அப்படியே நிற்கும். யோசிக்கலாம், அடித்துத் திருத்தலாம், தெரிந்ததை முதலில் எழுதிவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம். ஓரல்ஸில் அந்த வசதி கிடையாது. நீங்கள் சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டே அடுத்த கேள்வி வரும். மூன்றாவது, நான்காவது கேள்வியில்தான் உண்மையான தேர்வே தொடங்குகிறது.

ஜூனியர்களுக்கு மாதிரி ஓரல்ஸ் நடத்தும்போது நான் அடிக்கடி பார்ப்பது இதுதான்: புத்தகம் முழுக்க மஞ்சள் கோடு, நோட்டு நிறையக் குறிப்பு, ஆனால் ஒரு பதிலையாவது வாய்விட்டு முழுதாகச் சொல்லிப் பார்த்திருக்க மாட்டார்கள். கோல்ரெக் (கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான சர்வதேச விதிகள்) விதி 13 மனப்பாடம். "நீங்கள் ஓவர்டேக் செய்கிறீர்களா, கிராஸ் செய்கிறீர்களா, எப்படி முடிவு செய்வீர்கள்?" என்றதும் 22.5 டிகிரி என்ற எண் மட்டும் தனியாக வந்து விழும். மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். அடுத்த கப்பலின் பீமுக்கு (அதன் நேர் பக்கவாட்டுத் திசைக்கு) பின்னால் 22.5 டிகிரிக்கு மேல், இரவில் அதன் ஸ்டெர்ன் லைட் (பின்விளக்கு) மட்டும் தெரியும், சைடு லைட் (பக்க விளக்கு) இரண்டும் தெரியாத இடம், சந்தேகம் வந்தால் ஓவர்டேக் செய்வதாகவே வைத்துக்கொண்டு விலக வேண்டும். இவ்வளவும் ஒரே மூச்சில் வர வேண்டும். தெரிந்த விஷயமாக இருந்தாலும் சொல்லிப் பழகாவிட்டால் நாக்கில் வராது.

தேர்வாளர் எடைபோடுவது ஒன்றைத்தான்: இவரிடம் நள்ளிரவில் பிரிட்ஜை (கப்பலைச் செலுத்தும் அறையை) ஒப்படைத்துவிட்டுக் கேப்டன் நிம்மதியாகத் தூங்கலாமா? அதனால் விதியின் எண்ணைக் கேட்பதைவிட, "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்றுதான் அதிகம் கேட்பார். ஒரு கேள்வி எப்படி வளர்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

"இரவு. நேர் முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிவப்பு விளக்கு. என்ன அது?" நாட் அண்டர் கமாண்ட், அதாவது கட்டுப்பாட்டை இழந்த கப்பல் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். "சைடு லைட்டோ ஸ்டெர்ன் லைட்டோ தெரியவில்லையே?" அது தண்ணீரில் நகரவில்லை. இதுவும் வந்துவிடும். "கூடவே ஆங்கர் லைட்டும் தெரிந்தால்?" தரைதட்டிய கப்பல். இந்த இடத்தில் பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு கப்பல் நேர் முன்னால் தரைதட்டி நிற்கிறது என்றால், நான் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன்? என் கப்பலுக்கு அடியில் ஆழம் எவ்வளவு? ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரையும் கடல் வரைபடமான சார்ட்டையும் பார்க்கிறேன், என் பொசிஷனைச் சரிபார்க்கிறேன் என்பதையும் கேட்காமலே சொன்னால், வாட்ச் (பிரிட்ஜில் காவல் பணி) பார்க்கத் தெரிந்த ஆள் என்று தேர்வாளருக்குப் புரிந்துவிடும்.

அவர் விடமாட்டார். "சரி, நாட் அண்டர் கமாண்ட்தான். இப்போது மூடுபனி இறங்கிவிட்டது, கப்பல் கண்ணுக்குத் தெரியவில்லை. யார் விலக வேண்டும்?" 'விதி 18 படி நான்தான்' என்று பாய்ந்து சொல்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். எந்த வகைக் கப்பல் எதற்கு விலக வேண்டும் என்று சொல்லும் விதி 18, கப்பல்கள் ஒன்றையொன்று கண்ணால் பார்க்கும் நிலைக்கான பகுதியில் இருக்கிறது. மூடுபனியில் ஒன்றையொன்று பார்க்க முடியாதபோது விதி 19. அதில் வழிவிட வேண்டிய கப்பல், வழியில் தொடர வேண்டிய கப்பல் என்ற பிரிவே கிடையாது.

"முன்னால் நீண்ட ஊதல் ஒன்று, உடனே குறுகிய ஊதல் இரண்டு கேட்கிறது. அதே கப்பல்தானே?" சொல்ல முடியாது. மீன்பிடிக் கப்பல், பாய்மரக் கப்பல், இன்னொன்றை இழுத்துச் செல்லும் கப்பல், ஆழம் போதாததால் எளிதில் விலக முடியாத கப்பல் எல்லாம் அதே ஒலியைத்தான் எழுப்பும். "ஏஐஎஸ்ஸில் நாட் அண்டர் கமாண்ட் என்று காட்டுகிறதே?" ஏஐஎஸ் என்பது கப்பல்கள் தங்கள் விவரத்தை ஒன்றுக்கொன்று அனுப்பும் கருவி; அந்த நிலையை அந்தக் கப்பலில் இருப்பவர் கையால் போடுகிறார், மாற்ற மறந்திருக்கலாம். சரியாகவே போட்டிருந்தாலும் எனக்குப் பொருந்துவது விதி 19தான். மோதல் அபாயம் இல்லை என்று உறுதியாகாதவரை, பீமுக்கு முன்னால் ஊதல் கேட்டால் கப்பல் தன் கோர்ஸில் (செல்லும் திசையில்) நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்துக்கு இறங்க வேண்டும். தேவைப்பட்டால் அடியோடு நிறுத்த வேண்டும்.

இதற்குப் பிறகும் ஒன்று பாக்கி இருக்கும்: "ரேடாரில் மட்டும் தெரியும் கப்பல் பீமுக்கு முன்னால் இருந்தால், நாம் அதை ஓவர்டேக் செய்யாதபட்சத்தில், போர்ட் (இடது) பக்கம் திரும்புவதைத் தவிர்க்கச் சொல்கிறார்களே, ஏன்?" 1956 ஜூலையில் நான்டக்கெட் தீவுக்கு அருகே ஆண்ட்ரியா டோரியா, ஸ்டாக்ஹோம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. இரண்டிலும் ரேடார் இருந்தது. ஆண்ட்ரியா டோரியா சிறிது சிறிதாகப் போர்ட் பக்கம் ஒதுங்க, ஸ்டாக்ஹோம் ஸ்டார்போர்டு (வலது) பக்கம் திரும்ப, இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. ஒருவர் போர்ட், இன்னொருவர் ஸ்டார்போர்டு என்று திரும்பினால் இரண்டு திருப்பமும் ஒன்றையொன்று வீணாக்கிவிடும். காரணத்தை இப்படிச் சம்பவத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டால் விதி மறக்காது. 1912இல் டைட்டானிக், அதைத் தொடர்ந்து 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் சோலாஸ் ஒப்பந்தம். 1967இல் டோரி கேனியன் எண்ணெய்க் கசிவு, 1973இல் கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் ஒப்பந்தம். 1987இல் முன்பக்க வாசல் கதவை மூடாமலே கிளம்பிக் கவிழ்ந்து 193 பேரைப் பலிகொண்ட ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ், 1998இல் கட்டாயமான, கப்பல் பாதுகாப்பு நிர்வாகத்துக்கான ஐஎஸ்எம் கோட். படிக்கிற பாடம் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு விபத்து இருக்கிறது. தேடிப் படியுங்கள், தூக்கம் வராது.

அடுத்து, 'கேப்டனைக் கூப்பிடுவேன்' என்ற பதில். இதில் இரண்டு வகை ஆட்கள். ஒருவர் எந்தக் கேள்விக்கும் முதல் வார்த்தையாக இதையே சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார். இன்னொருவர் சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று கடைசிவரை கூப்பிடவே மாட்டார். இரண்டாமவர்தான் ஆபத்தானவர் என்பேன். பார்வைத்தூரம் குறையும்போது, எதிர்பார்த்த நேரத்தில் கரை தெரியாதபோது, போக்குவரத்து கவலை தரும்போது கேப்டனைக் கூப்பிடுவது வாட்ச் அதிகாரியின் கடமை. ஆனால் அவர் மேலே வரும்வரை கப்பல் உங்கள் கையில்தான். ஆள் கடலில் விழுந்தால், விழுந்த பக்கமே சுக்கானை முழுதாகத் திருப்பி, பிரிட்ஜ் விங்கில் இருக்கும் புகை-விளக்கு லைஃப்பாயை விடுவித்து, இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, மூன்று நீண்ட ஊதல் கொடுத்து, ஆளைக் கண்ணை எடுக்காமல் பார்க்க ஒருவரை நிறுத்தி, கேப்டனுக்கும் எஞ்சின் ரூமுக்கும் சொல்ல வேண்டும். இதில் பாதி, கேப்டன் படுக்கையை விட்டு எழுவதற்குள் முடிந்திருக்க வேண்டியது.

சரி, கப்பலைப் பற்றிய கேள்விகளுக்கு வருவோம். "உங்கள் கடைசிக் கப்பலில் எமர்ஜென்சி ஃபயர் பம்ப் எங்கே இருந்தது? எப்படி ஸ்டார்ட் செய்வீர்கள்? எந்த வால்வை மூடுவீர்கள்?" பல மாதம் அதே கப்பலில் நடமாடியவர் திணறுவார். வேறு யாராவது அதை ஓட்டியிருப்பார்கள், இவர் ஹோஸ் பிடித்திருப்பார். அதனால் ஓரல்ஸுக்கான படிப்பு கரையில் அல்ல, கப்பலிலேயே தொடங்க வேண்டும். சைன் ஆஃப் ஆகிக் கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்னால் ஃபயர் கண்ட்ரோல் பிளானைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சுற்றுங்கள். கையால் படம் வரையுங்கள். போட்டோவைவிட அதுதான் மனதில் நிற்கும். லைஃப்போட்டை இறக்கும் வரிசையை, போட்டைப் பூட்டி வைக்கும் ஹார்பர் பின்னைக் கழற்றுவது முதல் ஹூக்கை விடுவிப்பது வரை, போட்டின் பக்கத்தில் நின்று விரலால் காட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். டிரில் நாளில் கேட்டால் டெக் ஆட்களின் தலைவரான போஸனும் ஃபிட்டரும் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். எந்தக் கோச்சிங் வகுப்பிலும் கிடைக்காத பாடம் அது.

எதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், எதைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லலாம் என்பதிலும் பலருக்குத் தெளிவில்லை. ஒரு குறிப்பிட்ட ஆபத்தான சரக்கை எதனோடு சேர்த்து ஏற்றலாம் என்று கேட்டால், 'ஐஎம்டிஜி கோடில் பிரிப்பு அட்டவணையையும் அந்தப் பொருளுக்கான பதிவையும் பார்ப்பேன்' என்பது கௌரவமான பதில். எந்தப் புத்தகம், அதில் எங்கே என்று தெரிந்திருந்தால் போதும். ஆனால் கோல்ரெக்கில் அந்தச் சலுகை இல்லை. கப்பல் எதிரே வரும்போது யாரும் புத்தகம் புரட்ட முடியாது. அதுபோலவே ஓய்வு நேரம்: எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10, ஏழு நாளில் 77. கடலில் விடும் நீரில் எண்ணெய்க்கு மார்போல் தரும் 15 பிபிஎம் வரம்பு. இவையெல்லாம் தினமும் கையாளும் எண்கள், தடுமாறக் கூடாது. எதுவும் தெரியாத இடத்தில் 'தெரியவில்லை சார்' என்று சொல்லிவிடுவது நல்லது. ஒன்றிரண்டு தெரியவில்லைகளைத் தேர்வாளர் பொறுத்துக்கொள்வார். கற்பனையாக ஒரு எண்ணைச் சொன்னால், அதன்மேல் அவர் கட்டும் அடுத்த கேள்வியில் தப்பிக்க வழியே இருக்காது.

எந்தப் பிரிவினரிடமும் கேட்கப்படும், எந்தப் பிரிவினரும் கோட்டைவிடும் கேள்வி ஒன்று உண்டு: "டேங்கின் அடியில் உங்கள் ஆள் மயங்கிக் கிடக்கிறார். முதலில் என்ன?" 'உள்ளே போய்த் தூக்குவேன்' என்றால் தேர்வு அதோடு முடியலாம். அலாரம் கொடுக்க வேண்டும், உள்ளே போகக் கூடாது. மூச்சுக்கருவி போட்ட மீட்புக் குழுதான் இறங்கும். ஆக்சிஜன் 21 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் துருவே அதைத் தின்றுவிடும், நங்கூரச் சங்கிலி வைக்கும் செயின் லாக்கரில்கூட. இதற்கான டிரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் என்பதற்குக் காரணமே, காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து இறந்த சம்பவங்கள்தான்.

எஞ்சினியர்களுக்கும் அடிப்படை இதுவேதான். பிளாக் அவுட் ஆனால் எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் சுமையை ஏற்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். "ஏற்கவில்லை, இப்போது?" என்பதற்குத்தான் மதிப்பெண். கிராங்க்கேஸில் (எஞ்சினின் அடிப்பெட்டியில்) ஆயில் மிஸ்ட் (எண்ணெய்ப் புகை) அலாரம் வந்தால் எஞ்சினை மெதுவாக்கி நிறுத்தச் சொல்வீர்கள். கதவை எப்போது திறப்பீர்கள், ஏன் உடனே திறக்கக் கூடாது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

பயிற்சி முறைக்கு வந்தால், கூடப் படிக்கும் நண்பர் ஒருவரைத் தேர்வாளராக உட்கார வையுங்கள். அவர் வேலை கேள்வி கேட்பது மட்டும் இல்லை, 'ஏன்?' என்றும் 'அப்புறம்?' என்றும் விடாமல் கேட்பது. ஆள் கிடைக்காவிட்டால் போனில் ரெக்கார்டு செய்து கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தில் நடக்கும் தேர்வென்றால் ஆங்கிலத்திலேயே பழகுங்கள், ஆனால் அலங்காரம் வேண்டாம். பிரிட்ஜில் ஹெல்ம்ஸ்மேனிடம் பேசுவது போன்ற குட்டி வாக்கியங்கள் போதும். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வாயை மூடுவதும் பழக வேண்டிய ஒன்றுதான். மௌனத்தை நிரப்ப நீங்களாக இழுத்துவிடும் வார்த்தையிலிருந்துதான் தெரியாத கேள்வி வரும்.

'இந்தத் தேர்வாளர் ஸ்டெபிலிட்டிதான் கேட்பார்', 'அந்தத் தேர்வாளர் பாய்கள்தான் (வழிகாட்டும் கடல் மிதவைகள்) கேட்பார்' என்று பழைய கேள்வித் தொகுப்புகள் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்த மாதிரிக் கேள்வி வரும் என்று தெரிந்துகொள்ள அவை உதவும். அதில் இருக்கும் பதில்களை மட்டும் நம்பாதீர்கள். தேர்வு முடிந்த பதற்றத்தில் யாரோ எழுதியவை, பாதி தப்பாக இருக்கும். விதிப் புத்தகத்தைத் திறந்து நீங்களே சரிபாருங்கள்.

தேறாமல் போனால், அன்று மாலையே எல்லாக் கேள்விகளையும் உங்கள் பதில்களோடு எழுதி வையுங்கள். இரண்டு நாள் போனால் 'பாய்களில் மாட்டினேன்' என்று மட்டும்தான் நினைவிருக்கும். எந்த இடத்தில், எந்தத் துணைக் கேள்வியில் என்பது மறந்துவிடும். அடுத்த முறை படிக்க வேண்டியது அந்த இடத்திலிருந்துதான்.